நீச்சல் பதக்கம்

விடுமுறை நெருங்கினால் அந்த வீட்டின் மாடி அறையைத் திறப்பார்கள். திறந்ததும் முதலில் வெளியே வருவது வாடைதான். பழைய நுரைமெத்தை, எலிப்புழுக்கை, அந்துருண்டை எல்லாம் கலந்து மூக்கில் அறையும். அதற்குப் பிறகு மெத்தைகளை ஒவ்வொன்றாக மொட்டை மாடிக்கு இழுத்துப் போட்டு, உறையைக் கழற்றி, தடியால் அடித்து, திருப்பிப் போட்டு, மறுபடியும் அடிக்க வேண்டும். சபைப் பிள்ளைகளின் விடுமுறை முகாமுக்கு வேண்டிய மெத்தை, கூடாரம், அண்டா, கரண்டி எல்லாம் அந்த வீட்டில்தான் இருந்தன. முகாமை நடத்தியவர் அந்த வீட்டுக்காரர்.

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு அவர் 'கேம்ப் ஐயா'. தெருவில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் நின்று தலையைத் தடவி விசாரிப்பார். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் புதுத் தலைவர்களுக்குப் பயிற்சி. 'நல்ல தலைவனின் குணங்கள்' என்று அவர் பேசுவார். பேச்சின் முடிவில் மகனை மேடைக்குக் கூப்பிட்டு முகாமை ஒப்படைப்பார். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போதகர் வாழ்த்திப் பேசக் குறிப்பெடுத்து வைத்துவிட்டார்.

மெத்தை அடித்துக்கொண்டிருந்தவள் அவர் பிள்ளைகளில் மூத்தவள். மருந்துக்கடையில் வேலை, சனிக்கிழமைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளும் பள்ளி முடித்த நாளிலிருந்து முகாமுக்குப் போகிறவள்தான். பெண்பிள்ளைகள் படுக்கும் கூடம் அவள் பொறுப்பு. பேன் பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, ஏங்கி அழுகிற குழந்தையை மடியில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் அவள். மேடை தம்பிக்கு. கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் ஒரு பாட்டை எடுத்தால் பிள்ளைகள் துள்ளும். அதனால் அவன் பெயரே 'கித்தார் அண்ணன்'.

அன்றைக்கு அவனும் மெத்தை தூக்கினான். இரண்டு தூக்குவான், ஒரு தடவை போனைப் பார்ப்பான். வெயில் முதுகில் ஏறியது. மேற்கே மட்டும் கறுப்பாக ஒரு திரள்.

"மழை வரும்போல இருக்குடா. சீக்கிரம் திருப்பிப் போடு."

"வராதுக்கா. அது அப்படியே போயிடும்." சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த மெத்தையைப் பார்த்தான். அதன் நடுவில் பெரிய மஞ்சள் கறை, விளிம்பு பழுப்பேறி இருந்தது. அவன் சிரித்தான். "அத மட்டும் தனியாப் போடு. அது நீச்சல் குளம்."

"என்ன குளம்?"

"போன கேம்ப்ல நடந்த கூத்து உனக்குத் தெரியாதில்ல. நீ அன்னைக்கு கையொடிஞ்ச பையனோட ஆஸ்பத்திரியில இருந்த. இஸ்திரிக்காரம்மா பொண்ணு இருக்குல்ல, ஒல்லியா, அது தினமும் படுக்கைய நனைச்சிட்டு மெத்தையத் திருப்பிப் போட்டு மறைச்சிருக்கு. கடைசி நாள் பரிசு கொடுத்தோம்ல, எல்லாருக்கும் வேடிக்கையா ஒரு பதக்கம். அதுக்கு 'நீச்சல் வீராங்கனை'ன்னு ஒண்ணு. மேடைக்குக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். கூடம் பூரா விழுந்து விழுந்து சிரிச்சுது."

மூத்தவள் கையிலிருந்த தடியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு?"

"அதுவும் சிரிச்சுதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"அக்கா, சும்மா விளையாட்டு. எனக்குக்கூட 'கழுதைக் குரல்'னு ஒரு பதக்கம் கொடுத்தாங்க. நான் அழுதேனா?"

அவனுக்குக் கழுதைக் குரல் என்று யாராவது பதக்கம் கொடுத்தால் அவன் குரல் நன்றாயிருக்கிறது என்றுதான் அர்த்தம். அது அவனுக்கும் தெரியும். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் ஞாயிறு வகுப்புக்கு வரவேயில்லை. வேறு சபைக்குப் போய்விட்டார்கள் போல என்று அவளும் நினைத்து விட்டுவிட்டாள்.

அவள் கீழே இறங்கினாள். சாப்பாட்டு மேசையில் அப்பா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு மறுநாள் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீ ஆறிப்போயிருந்தது. அம்மா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, போன கேம்ப்ல அந்த நீச்சல் பதக்கம் கொடுத்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் நிமிரவில்லை. "அங்கதான் இருந்தேன். முன் வரிசையில."

"ஒண்ணும் சொல்லலியா?"

"பிள்ளைங்க சந்தோஷமா இருந்த நேரம். நடுவுல எழுந்து நான் என்ன சொல்ல? அப்புறமா அவனக் கூப்பிட்டு, கொஞ்சம் பாத்துப் பேசுடான்னு சொன்னேன்."

"அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனீங்களா?"

பேனா நின்றது. அம்மா முட்டை ஓட்டைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு அவனுக்கு நல்ல நாள். இன்னைக்குப் போய் எதையாவது கிண்டாத. உன் தம்பிதானே."

"அதுவும் ஒருத்திக்குப் பிள்ளைதானேம்மா."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இஸ்திரிக் கடை, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சந்தில். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு மேசை, அதன் மேல் மடித்த கம்பளி, கம்பளி மேல் கருகின துணி. கூரையில் கட்டிய கயிற்றில் சட்டைகள் தோள் உயர்த்தித் தொங்கின. இஸ்திரிக்காரம்மா தண்ணீர் தெளித்துப் பெட்டியை ஓட்டினாள். ஆவி புசுபுசுவென்று எழுந்தது. புருஷன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். எல்லாம் அவள் ஒருத்திதான்.

"வாங்க" என்றாள். முகத்தில் அந்த 'வாங்க' இல்லை. "நீங்க மருந்துக்கடையில இருக்கிறவங்கதானே. அந்த அண்ணனோட அக்கா."

"ஆமாக்கா. நான் அன்னைக்கு அங்க இல்ல. இன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன்."

"எதக் கேள்விப்பட்டீங்க?"

பதக்கம் என்ற சொல் அந்த அறையில் சொல்ல முடியாத சொல்லாக இருந்தது. இஸ்திரிக்காரம்மா சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

"நான் அனுப்பமாட்டேன்னுதான் சொன்னேம்மா. அவதான் ஒத்தக் கால்ல நின்னா. பாட்டு, கூடாரம், தோழிங்கன்னு. அவளுக்கு இந்தச் சங்கடம் சின்ன வயசுலேர்ந்து இருக்கு. டாக்டர்கிட்டயும் காட்டினோம். ராத்திரி ஒரு தடவ எழுப்பிவிட்டா சரியாப் போயிடும், அவ்வளவுதான். அத உங்கப்பாகிட்ட நானே நேர்ல போய்ச் சொன்னேன். வெக்கத்த விட்டுச் சொன்னேன். யாருக்கும் தெரியவேண்டாம் ஐயா, ஒரு தடவ எழுப்பிவிடச் சொல்லுங்கன்னேன். என் தலையில கை வெச்சு, பயப்படாத, என் பேத்தி மாதிரிப் பாத்துக்குறேன்னாரு."

மூத்தவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட யாரும் சொல்லல அக்கா. அந்தக் கூடத்துல படுத்திருந்தது நான்தான். சொல்லியிருந்தா எழுப்பியிருப்பேன்."

"அப்ப யார்கிட்ட சொன்னாரு?"

யாரிடம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இஸ்திரிக்காரம்மாவுக்கும் புரிந்தது. பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தாள்.

"இப்ப அவ தூங்கறதே இல்லம்மா. நனைஞ்சிடுமோன்னு உக்காந்துகிட்டே இருக்கா. பள்ளிக்கூடத்துல போய்த் தூங்கி விழறா. அடி வாங்கினா ஆறிடும். இது ஆற மாட்டேங்குது."

உள்ளறைத் திரை அசைந்தது. சிறுமி வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, பெரியவர்களுக்கு வரும் சோர்வு.

"அக்கா, நீங்க அன்னைக்கு இருந்திருந்தா சிரிச்சிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பா சிரித்திருக்கிறார். தலைவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கூடமே சிரிக்கும்போது உதடு தானாக விரிந்துவிடும். அவளுக்கும் விரிந்த நாட்கள் இருந்தன.

"சிரிச்சிருக்க மாட்டேன்னு சொல்ல ஆசையா இருக்கு. நிச்சயமாத் தெரியலம்மா."

சிறுமி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மேசையடியிலிருந்த வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனாள்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. போய்விடும் என்று தம்பி சொன்ன அதே மேகம். தெருவில் ஆட்கள் கடைகளுக்குள் ஒதுங்கினார்கள். அவள் ஒதுங்கவில்லை. உடம்பெல்லாம் நனைந்தும் உள்ளே எரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மெத்தைகள் எல்லாம் மாடியில் அப்படியே கிடந்தன. அம்மா தனியாளாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்த நுரைமெத்தை பிணக் கனம் கனத்தது.

"அவன் எங்க?"

"நாளைக்குப் பாட்டு சரி பாக்கப் போனான். இப்பதான் வந்து துவட்டிக்கிட்டு இருக்கான்."

"டேய், மேல வாடா."

அந்தக் குரலில் அவன் வந்துவிட்டான். அப்பாவும் கைப்பிடியைப் பிடித்துப் படி படியாக ஏறி வந்தார். மழையில் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவன். ஒரு மெத்தையைத் தூக்கி அறைக்குள் தள்ளினார்கள்.

"அந்தப் பிள்ளைய ராத்திரி எழுப்பிவிடணும்னு அப்பா உன்கிட்ட சொன்னாரா இல்லியா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சொன்னாரு. உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். மறந்துட்டேன். அன்னைக்கு ஆயிரம் வேலை."

"மறந்துட்ட. சரி. மறந்தது மனுஷ புத்தி. ஆனா பதக்கம் பண்ணும்போது ஞாபகம் வந்துதே, அது எப்படி? அவ அம்மா வெக்கத்த விட்டு வந்து சொன்னத எழுப்பறதுக்கு மறந்துட்டு, சிரிக்கறதுக்கு மட்டும் எடுத்து வெச்சிருந்தியா?"

"அப்படியில்லக்கா. கூட இருந்த பிள்ளைங்களும் வந்து சொன்னாங்க."

"உனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்."

அவன் அடுத்த மெத்தையின் நுனியைப் பிடித்தான். அப்பா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "அவனுக்குப் பொறுப்பு பழகட்டும்னுதான் அவன்கிட்ட சொன்னேன்."

"நீங்க வாக்குக் கொடுத்தது உங்க வாயால. அவ தலையில கை வெச்சு. அத இன்னொருத்தன் கையில கொடுத்துட்டா உங்க வேலை முடிஞ்சுபோச்சா? அது போகட்டும். முன் வரிசையில உக்காந்திருந்தீங்களே, மேடையில நிக்கிறது எந்தப் பிள்ளைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"போதும்" என்றார். "பூசி மெழுகல. தப்புதான். நாளைக்கு முடியட்டும். அப்புறம் நான் போய் அவங்களப் பாக்குறேன்."

"நாளைக்கு முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுடும். இவன் தலைவன். இவன் செஞ்சதப் பாத்துத்தான் அடுத்தவன் கத்துக்குவான்."

தம்பி கையிலிருந்த மெத்தையைத் தொப்பென்று விட்டான். "நேராச் சொல்லேன். உனக்குக் கொடுக்கலன்னு எரிச்சல். இத்தன வருஷம் உழைச்சேன், எனக்குக் கொடுக்காம இவனுக்குக் கொடுக்கறாங்களேன்னு. அதுக்கு அந்தப் பொண்ணு ஒரு சாக்கு."

அம்மா "டேய்" என்றாள். மூத்தவளுக்குச் சொல் சுருக்கென்று தைத்தது. தைத்ததற்குக் காரணம் அதில் பாதி உண்மை இருந்ததுதான்.

"ஆமா" என்றாள். "எரிச்சல் இருக்கு. ஒரு வார்த்தை என்னைக் கேக்கலியேன்னு இருக்கு. அத நான் தனியா அழுது தீத்துக்குறேன். ஆனா அந்தப் பிள்ளை தூங்காம உக்காந்திருக்கறது என் எரிச்சலால இல்ல. உன்னால. நாளைக்கு நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"சபை நடுவுல அப்பன் மானத்த வாங்குவியா?" என்றாள் அம்மா.

"அவ மானத்த மைக் வெச்சு வாங்கினாங்களேம்மா."

அன்று சாப்பாடு ரொட்டியும் முட்டைக் குழம்பும். நாலு பேரும் நாலு மூலையில் சாப்பிட்டார்கள்.

மறுநாள் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். தலைவர்களாகப் போகும் இளவயசுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்: கல்லூரியில் படிக்கிறவர்கள், ஒரு மெக்கானிக், போன முகாமில் உதவிக்கு வந்திருந்த, அழகு நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண். மூத்தவள் கடைசியில் உட்கார்ந்தாள். அப்பா சொல்லிவிடுவார் என்று காலையிலிருந்து அவளுக்குள் ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருந்தது. ஜெபத்தில் அவர் குரல் தழுதழுத்தபோது அந்த நம்பிக்கை கூடியது.

அவர் மைக்கைப் பிடித்தார். தாழ்மை என்றார். பொறுமை என்றார். தலைவன் என்பவன் மேய்ப்பன், ஆடு தவறினால் தேடிப் போவான் என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். தாளைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் இருந்ததும் குணங்கள்தான். சொல்ல வேண்டியது அதில் இல்லை என்று மூத்தவளுக்குத் தெரிந்துபோனது.

எழுந்தாள்.

"ஐயா, ஒரு கேள்வி." வீட்டில் அப்பா; இங்கே ஐயா. "ஒரு தாய் தன் பிள்ளையோட சங்கடத்த ரகசியமா வந்து நம்மகிட்ட சொல்றாங்க. நாம பாத்துக்குறோம்னு வாக்குக் கொடுக்குறோம். அப்புறம் அதையே பதக்கமாப் பண்ணி அந்தப் பிள்ளை கழுத்துல மாட்டி எல்லாரும் சிரிக்கிறோம். அது நீங்க சொன்னதுல எந்தக் குணம்?"

போதகர் பாதி எழுந்தார். "சகோதரி, இதெல்லாம் கமிட்டியில பேசிக்கலாம். இது ஆவிக்குரிய நேரம்."

"அந்தப் பிள்ளைக்கு இது கமிட்டியில நடக்கல, ஐயா. மேடையில, எல்லாருக்கும் முன்னாடி நடந்தது. ஆடு தவறிப்போகல. நாமதான் விரட்டினோம். விரட்டிட்டு வகுப்புல பேர் கூப்பிட்டு, வரலன்னு அடுத்த பேருக்குப் போயிட்டோம். நானும் போனேன். அந்தப் பிள்ளை தினமும் ராத்திரி உக்காந்திருக்கா. நாம குணத்தப் பத்திக் குறிப்பு எழுதிட்டு இருக்கோம்."

"உட்காரு" என்றார் அப்பா. மைக்கில் அது பெரிதாகக் கேட்டது.

அவள் உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அழகு நிலையப் பெண் எழுந்தாள்.

"நானும் சிரிச்சேன் ஐயா. சிரிச்சது மட்டுமில்ல. அந்தப் பதக்கத்துக்கு நூல் கோத்தது நான்தான். அண்ணன் மாட்டினப்ப பின்னால முடிச்சுப் போட்டேன், அந்தப் பிள்ளை கழுத்து சுட்டுது. எனக்குக் கையில தெரிஞ்சுது. அப்பவும் கைதட்டினேன்."

இதைக் கேட்டுத் தம்பி கித்தாரை உறையில் போட்டான். ஜிப்பை இழுக்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. யாரையும் பார்க்காமல் வெளியே போனான். கேம்ப் ஐயா போகிறவனைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். "முன் வரிசையில நான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு மைக்கை அணைத்துவிட்டு, மேடைப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒப்படைப்பு நடக்கவில்லை.

அந்த வாரத்திலேயே அவர் இஸ்திரிக் கடைக்குப் போனார். பிறகு இஸ்திரிக்காரம்மா மூத்தவளிடம் சொன்னாள்: "வந்தாரும்மா. கும்பிட்டாரு. கண்ணுல தண்ணி. நான் தேய்ச்சிட்டே இருந்தேன். நான் மன்னிச்சேன்னு சொன்னா அவரு நிம்மதியாப் போயிடுவாரு. அவ சொல்லட்டும்னேன். அவ வெளிய வரல. ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டுப் போனாரு. மறுநாளும் வந்து நின்னாரு. அப்ப எட்டிப் பாத்தா. கித்தார் அண்ணன் வருவாரான்னு கேட்டா. வரச்சொல்லட்டுமாம்மான்னாரு. வேணாம், நான் இருக்கற இடத்துக்கு வரவேணாம்னு சொல்லுங்கன்னுட்டு உள்ள போயிட்டா."

தம்பி வேறு சபையில் பாடப் போய்விட்டான். அங்கேயும் கூட்டம் சேர்ந்தது என்று கேள்வி. அக்காவோடு பேச்சில்லை. அம்மா பேசுவாள், ஆனால் சுவரைப் பார்த்து. "சாப்பாடு மூடி வெச்சிருக்கு" என்பாள். மூத்தவளும் சுவரைப் பார்த்தே சாப்பிட்டாள். சொன்னதற்காக அவள் வருந்தவில்லை. தட்டில் சோறு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

ஆள் இல்லாமல் கமிட்டி கடைசியில் அவளிடமே வந்தது. ஆசைப்பட்டது கைக்கு வந்தபோது அதில் இனிப்பு இல்லை. முகாமைத் தள்ளி வைக்கச் சொன்னாள். மழையில் நனைந்த மெத்தைகள் புளித்து நாறின. தலைவர்களாக வர நினைக்கிற எல்லாரையும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள். பேனா, தாள் ஒன்றும் வேண்டாம் என்றாள். வந்தவர்களுக்கு சோடா மாவும் பிரஷ்ஷும் கொடுத்தாள். மதியம்வரை தேய்த்தார்கள். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு தேய்த்தார்கள்.

டீ கொடுக்கும்போது கேட்டாள்: "விடியற நேரம். எல்லாப் பிள்ளைகளும் எழுந்திருக்கிறாங்க. ஒரு பிள்ளை படுக்கைய நனைச்சிட்டு, எழுந்திருக்காம போர்வையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மத்ததுங்க பாக்க ஆரம்பிச்சாச்சு. என்ன செய்வீங்க?"

"அதுக்காக ஜெபம் பண்ணுவேன் அக்கா" என்றான் ஒருவன்.

"தனியாக் கூட்டிட்டுப் போய் ஆறுதல் சொல்லுவேன்" என்றாள் இன்னொருத்தி.

"எப்படிக் கூட்டிட்டுப் போவ? எழுந்தா தெரிஞ்சுடுமே."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். பிரஷ்ஷை இன்னும் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள் அழகு நிலையப் பெண். அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு செம்புத் தண்ணிய எடுத்துட்டுப் போய் அந்தப் படுக்கையில தடுக்கி விழுவேன் அக்கா. அந்தப் பிள்ளை மேலயும் கொட்டுவேன். ஐயோ, என் கண்ணு எங்க போச்சோன்னு சத்தமாத் திட்டிக்குவேன். எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்."

ஜெபம் பண்ணுவேன் என்றவன் கேட்டான்: "ஆனா அது பொய்யில்லையா அக்கா? பிள்ளைகளுக்கு முன்னாடி பொய் சொல்றது பாவம்தானே."

"பாவம்தான்" என்றாள் மூத்தவள். "அந்தப் பாவத்தத் தன் தலையில ஏத்திக்கிறவங்க இருங்க, வேலை இருக்கு. மத்தவங்க டீயக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போகலாம்."

சொல்லிவிட்டு அழகு நிலையப் பெண்ணின் பக்கத்தில் குந்தி, மெத்தையின் மறுமுனையைத் தேய்க்க ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பியது, பிறகு இன்னொன்று. எத்தனை பேர் போனார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.